கட்டடம் முந்தி, கேள்வி பிந்தி

நுரையீரல் புற்றுநோய்க்கு 60 கிரே என்ற அளவில் கதிர்வீச்சு கொடுப்பது நெடுநாள் வழக்கம். அதை 74 கிரேயாக உயர்த்தினால் கட்டி இன்னும் நன்றாக அடங்கும், நோயாளி கூடுதல் காலம் இருப்பார் என்பதில் அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவர்கள் பலருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சிறிய ஆய்வுகள் அப்படித்தான் காட்டின. பொதுப்புத்தியும் அதைத்தான் சொன்னது. 2007இல் தொடங்கிய ஆர்.டி.ஓ.ஜி. 0617 என்ற பெரிய ஆய்வு, தெரிந்த ஒன்றுக்கு முத்திரை குத்தும் சடங்காகவே பலருக்கும் பட்டிருக்கும். 2015இல் முழு முடிவு அச்சேறியது. 60 கிரே பெற்றவர்களில் பாதிப்பேர் 28.7 மாதம் கடந்தும் உயிரோடு இருந்தார்கள். 74 கிரே பெற்றவர்களுக்கு அதே கணக்கு 20.3 மாதம்தான். அதிகம் கொடுத்தது எட்டு மாதத்தைப் பிடுங்கிக்கொண்டது. இதயத்தின் மேல் விழுந்த கதிர் ஒரு காரணம் என்பது பிற்பாடு வந்த விளக்கம். அந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால், நல்லெண்ணத்தோடும் நல்ல கருவியோடும் ஆயுளைக் குறைத்துக்கொண்டே இருந்திருப்பார்கள், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. புற்றுநோய் வார்டில் நிகழும் மரணம் யாருக்கும் சந்தேகத்தைக் கிளப்புவதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் புரோட்டான் சிகிச்சையின் கதையை நான் படிக்கிறேன்.

நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்வார்களே, அது பெரும்பாலும் எக்ஸ் கதிர். உடம்பின் ஒரு பக்கம் நுழைந்து, போகிற வழியெல்லாம் தன் ஆற்றலைச் சிந்திக்கொண்டே மறுபக்கம் வெளியேறும். கட்டிக்கு முன்னால் இருப்பதும் வாங்கும், பின்னால் இருப்பதும் வாங்கும். பல கோணங்களிலிருந்து செலுத்தி, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் கூட்டுத்தொகை பெரிதாக வரும்படி கணக்குப் போடுவதுதான் இந்தத் துறை நூறாண்டாகத் தீட்டிக்கொண்டிருக்கும் கைத்திறன். புரோட்டான் வேறு ரகம். வழியில் ஒருவர் இருவராக இறக்கிவிட்டு, கடைசி நிறுத்தத்தில் மொத்தக் கூட்டத்தையும் கொட்டிவிட்டு எஞ்சினை அணைக்கிற டவுன் பஸ் போல, அது தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பயணத்தின் முடிவில் இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் கதிர் இல்லை. மின்னூட்டம் கொண்ட துகள்களின் இந்தக் குணத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிலெய்டில் கண்டுகொண்டவர் வில்லியம் ஹென்றி பிராக். அதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் ‘ரேடியாலஜி’ இதழில் எழுதியவர் ராபர்ட் வில்சன். லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். ஹிரோஷிமாவுக்கு மறு ஆண்டு அவருடைய பேனா இந்தப் பக்கம் திரும்பியதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1954இல் பெர்க்லியில் முதல் மனிதருக்குப் புரோட்டான் செலுத்தினார்கள். 1961 முதல் ஹார்வர்டின் சைக்ளோட்ரான் (துகள் முடுக்கி) கூடத்தில், இயற்பியலாளர்களின் கருவியை இரவல் வாங்கிப் பல ஆயிரம் பேருக்குச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக்கென்றே கட்டப்பட்ட முதல் புரோட்டான் நிலையம் 1990இல்தான் வந்தது. கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில். அதன் முடுக்கியைச் செய்துகொடுத்தது ஃபெர்மிலேப். அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் அதே வில்சன்.

சிகிச்சைக்கு முன் கணினியில் திட்டம் போடுவார்கள். நோயாளியின் ஸ்கேன் படத்தின் மேல் கதிர் விழும் இடங்கள் நிறம் நிறமாகத் தெரியும். எக்ஸ் கதிர்த் திட்டத்தையும் புரோட்டான் திட்டத்தையும் அருகருகே வைத்துக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைகூடப் புரோட்டானைத்தான் தேர்ந்தெடுக்கும். ஒன்றில் நெஞ்சு முழுக்க நீலமும் பச்சையும் பரவியிருக்கும். மற்றொன்றில் கட்டிக்குப் பின்னால் சுத்தமான கறுப்பு. இந்தத் துறையில் ஆய்வு நடத்துபவர்களுக்கு முதல் எதிரி இந்தப் படம்தான் என்பேன். பார்த்த கண்ணுக்குச் சந்தேகம் மிஞ்சுவதில்லை. சந்தேகம் இல்லாத இடத்தில் ஆய்வு எதற்கு?

இந்தக் கேள்வியை 2008இல் வெளிப்படையாகவே கேட்டார்கள். மைக்கேல் கோய்டைன் என்ற இயற்பியலாளரும் ஜேம்ஸ் காக்ஸ் என்ற மருத்துவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. தேவையில்லாத திசுவில் கதிர் விழுவது நல்லது என்று யாரும் வாதிடப் போவதில்லை. புரோட்டான் அதைக் குறைக்கிறது. அப்படியிருக்க நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதிப்பேருக்கு மட்டமானதைக் கொடுப்பது அறமா என்று கேட்டார்கள். பாராசூட் உயிரைக் காக்கும் என்பதற்குச் சீட்டுக் குலுக்கிய ஆய்வு எதுவும் இல்லை என்று 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கேலிக் கட்டுரையும் இந்த வாதத்தின் பக்கத்துணையாகப் புழங்கியது.

வலுவான வாதம்தான். குழந்தைகள் விஷயத்தில் நானும் அந்தக் கட்சி. மூளையிலும் முதுகுத்தண்டிலும் கதிர் வாங்க வேண்டிய ஐந்து வயதுப் பிள்ளையை, இன்னும் வளரவேண்டிய எலும்பும் இதயமும் கொண்ட உடம்பை, குலுக்கலில் வைக்க எனக்குத் துணிவில்லை. மருத்துவ உலகுக்கும் இல்லை. ஆனால் அறுபது வயது ஆணின் புராஸ்டேட்டுக்கு அதே நியாயம் செல்லுமா? 74 கிரேயும் படத்தில் அழகாகத்தான் இருந்தது. மேலும், புரோட்டான் நிற்கும் என்பது உறுதி, எந்த மில்லிமீட்டரில் நிற்கும் என்பது அவ்வளவு உறுதியல்ல. ஸ்கேன் படத்தின் அடர்த்தியை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறார்கள். 3 சதவீதம் பிசகினால், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 6 மில்லிமீட்டர். சிகிச்சை நடக்கும் ஆறேழு வாரத்தில் நோயாளி இளைத்துப்போவார், குடலில் வாயு இடம் மாறும், மூச்சில் கட்டி ஏறி இறங்கும். எக்ஸ் கதிர் இவற்றையெல்லாம் ஓரளவு மன்னித்துவிடும். கூர்மையானது மன்னிக்காது. போதாததற்கு, பாதையின் கடைசி முனையில் புரோட்டானின் உயிரியல் விளைவு, திட்டம் போடுபவர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் 1.1 மடங்கைவிடக் கூடுதல். அந்த முனை நலமான திசுவுக்குள் விழுந்துவிட்டால் வண்ணப்படம் அதைச் சொல்லாது.

மாத்திரைக்கும் கருவிக்கும் சட்டம் காட்டும் முகம் வேறு. புதிய மருந்து விற்பனைக்கு வர வேண்டுமானால் அது பலன் தருகிறது என்று ஆய்வில் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்கிற செலவும் கம்பெனியுடையது. கருவி அப்படியல்ல. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஒன்றை ஒத்தது, பாதுகாப்பானது என்று காட்டினால் போதும். லோமா லிண்டாவின் புரோட்டான் கருவிக்கு அமெரிக்க அரசு 1988இல் அனுமதி கொடுத்தது அந்த வழியில்தான். எக்ஸ் கதிரைவிட மேலானதா என்று அந்த வாசலில் யாரும் கேட்கவில்லை.

அதனால் முதலில் கட்டடம் எழும்புகிறது. 200 டன்னுக்கு மேல் எடையுள்ள சைக்ளோட்ரான், நோயாளியைச் சுற்றிச் சுழல்வதற்கு மூன்று மாடி உயரச் சட்டகம், இரண்டு மூன்று மீட்டர் கனத்தில் கான்கிரீட் சுவர். மூன்று நான்கு சிகிச்சை அறைகள் கொண்ட நிலையத்துக்கு 10 கோடி டாலரிலிருந்து 20 கோடி டாலர் வரை ஆகும். இவ்வளவு கடன் வாங்கிக் கட்டியவர்களுக்குக் காலையிலிருந்து இரவு வரை ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். குழந்தைகளின் புற்றுநோய் அரிது. அதை நம்பித் தவணை கட்ட முடியாது. புராஸ்டேட் நோயாளிகள் ஏராளம். சிகிச்சை எளிது, ஆபத்து குறைவு. அமெரிக்கப் புரோட்டான் அறைகளின் நேரத்தை நிரப்பியவர்கள் பெருமளவில் இவர்கள்தாம். புரோட்டானால் அவர்களுக்குக் கூடுதல் பலன் உண்டா என்ற கேள்விக்கு விடை வருவதற்கு வெகுகாலம் முன்பே.

சீட்டுக் குலுக்கும் மருத்துவருக்கு எது மேல் என்று உண்மையாகவே தெரியாமல் இருக்க வேண்டும். தெரிந்துகொண்டே குலுக்கினால் அது துரோகம் என்பது பழைய நெறி. பெஞ்சமின் ஃப்ரீட்மன் என்ற அறவியலாளர் 1987இல் இதைக் கொஞ்சம் தளர்த்தினார். தனி மருத்துவர் மனத்தளவில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். துறை மொத்தத்தில் கருத்து பிளவுபட்டிருந்தால் போதும், ஆய்வு நடத்தலாம் என்றார். நடைமுறைக்கு ஒத்துவரும் நல்ல யோசனை. ஆனால் ஃப்ரீட்மன் கணக்கில் தவணை இல்லை. தெரியாது என்ற நிலையில் தொடர்ந்து நிற்பதற்கும் பணம் வேண்டும்; அந்தப் பணத்தை யார் தருவது என்பதில்தான் இந்த ஆய்வுகளின் முக்கால்வாசிச் சிக்கலும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நிலையத்தின் முதலாளிக்குத் தெரியாமல் இருக்கக் கட்டுப்படியாகாது. பாதிப்பேரை எக்ஸ் கதிர் அறைக்கு அனுப்பினால் வருமானமும் பாதி அந்தப் பக்கம் போகும். முடிவு பாதகமாக வந்தால் கட்டடமே கேள்விக்குள்ளாகும். நோயாளியின் நிலையும் வசதியாக இல்லை. பல நூறு மைல் தாண்டிப் புரோட்டான் என்ற பெயரைத் தேடி வந்தவரிடம், ‘உங்களுக்கு எது என்று கணினிதான் முடிவுசெய்யும், ஊரிலேயே கிடைக்கிற எக்ஸ் கதிரும் வரலாம்’ என்று சொன்னால் அவர் படிவத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோவது இயல்புதானே. மருந்து ஆய்வில் போல வெற்று மாத்திரை கொடுத்து மறைக்கவும் இங்கே வழியில்லை. எந்த அறைக்குள் தன்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காப்பீட்டுக் கம்பெனி செய்வது வேறொரு கூத்து. ‘புரோட்டான் மேலானது என்று ஆதாரம் இல்லை, ஆகவே பணம் தரமாட்டோம்’ என்கிறது. ஆதாரம் திரட்டத்தான் ஆய்வு நடக்கிறது. அந்த ஆய்வில் சேர்ந்தவருக்கும் அதே பதில். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நடந்த ஆய்வில் 145 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். எக்ஸ் கதிருக்கு விழுந்த 72 பேரில் 61 பேரைக் கடைசிவரை கணக்கில் கொள்ள முடிந்தது. புரோட்டானுக்கு விழுந்த 73 பேரில் தேறியது 46. காப்பீட்டு மறுப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். இது வெறும் எண்ணிக்கை இழப்பு அல்ல. சீட்டுக் குலுக்குவதன் ஒரே பயன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள் இருப்பார்கள் என்பது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் காப்பீடு சரியில்லாதவர்களை உருவிவிட்டால் எஞ்சுவது வசதி படைத்தவர்களின் அணி. 2020இல் வந்த முடிவில் எக்ஸ் கதிர் பக்கம் பக்கவிளைவுச் சுமை 2.3 மடங்கு அதிகம் என்றிருந்தது. ஊக்கமளிக்கும் எண்தான், ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் விடுபட்ட அந்த 27 பேரின் பக்கம் கண் போகிறது. (2008இல் குலுக்கலை எதிர்த்து எழுதிய காக்ஸ் கதிர்வீச்சுத் துறைக்குத் தலைமை வகித்தது இதே மருத்துவமனையில்தான். உலகில் புரோட்டான் குலுக்கல் ஆய்வுகளை மும்முரமாக நடத்தியதும் இதே மருத்துவமனைதான். நிறுவனங்களுக்கும் மனசாட்சியில் இரண்டு அறை உண்டு போலும்.)

இன்னொரு தொல்லை, கருவி அடங்கி நிற்பதில்லை. மாத்திரை ஆய்வு பத்தாண்டு நடந்தாலும் மாத்திரை அதேதான். அதே ஹூஸ்டனில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புரோட்டானையும் எக்ஸ் கதிரையும் ஒப்பிட்டு 149 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. புரோட்டானால் பலன் கூடவில்லை. ஆனால் அந்த ஆய்வில் பயன்பட்டது கற்றையைச் சிதறடித்துப் பரப்பும் பழைய முறை. முடிவு அச்சேறும் முன்பே துறை, பென்சில் முனைபோல மெல்லிய கற்றையால் புள்ளி புள்ளியாக நிரப்பும் முறைக்கு மாறிவிட்டது. ஆய்வின் பிற்பாதியில் சேர்ந்த நோயாளிகள் முற்பாதியில் சேர்ந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். கைகள் பழகிக்கொண்டிருந்தன. அப்படியானால் அளந்தது எதை, கருவியையா, கருவியைக் கற்றுக்கொண்டிருந்த மருத்துவர்களையா? புரோட்டான் ஆதரவாளர்கள் ‘அது பழைய முறை’ என்று சுலபமாகத் தட்டிக்கழித்தார்கள். இந்தச் சாக்கு எந்தக் காலத்திலும் காலாவதியாகாது என்பதுதான் சிக்கல்.

எதிரணியான எக்ஸ் கதிரும் சும்மா இருக்கவில்லை. புராஸ்டேட் கேள்விக்கு நேர்மையாக விடை தேடிய பார்ட்டிகால் ஆய்வு 2012இல் தொடங்கியது. 450 ஆண்களைச் சேர்க்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டு ஆயிற்று. 2024இல் முடிவைச் சொன்னார்கள். குடல் தொந்தரவில் வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் புரோட்டானில் 93.4 சதவீதம், எக்ஸ் கதிரில் 93.7 சதவீதம். அவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தது 28 அல்லது 44 அமர்வுகளில். ஏறத்தாழ அதே வாரங்களில் பேஸ்-பி என்ற ஆய்வின் முடிவு வந்து, சாதாரண எக்ஸ் கதிரையே குறி பிசகாமல் செலுத்தினால் ஐந்தே அமர்வில் புராஸ்டேட் சிகிச்சையை முடித்துவிடலாம் என்று காட்டியது. ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு ஆண்டு உழைத்து விடை கண்டுபிடித்துத் தலைநிமிர்ந்தபோது, ஊர் வேறு கேள்விக்குப் போய்விட்டிருந்தது.

கதிர்வீச்சு ஆய்வின் இன்னொரு இயல்பை வெளியாட்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மருந்து தொழிற்சாலையில் தயாராகிறது. எந்த ஊரில் விழுங்கினாலும் அதே மில்லிகிராம். கதிர்வீச்சு ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகச் செய்யப்படுகிறது. கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஸ்கேன் படத்தில் மருத்துவர் தன் கையால் கோடு வரைகிறார். இருவர் வரைந்த கோடு ஒன்றாக இருப்பதில்லை. டி.ஆர்.ஓ.ஜி. 02.02 என்ற பன்னாட்டு ஆய்வு உண்மையில் ஒரு மருந்தைச் சோதிக்க நடந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 861 பேர் அதில் இருந்தார்கள். மருந்தால் பலனில்லை. ஆனால் கதிர்வீச்சுத் திட்டங்களைப் பிற்பாடு வரிசையாக எடுத்துப் பார்த்தபோது 12 சதவீதம் பேருக்கு நோயைப் பாதிக்கும் அளவுக்குக் குறைபாடான சிகிச்சை போயிருந்தது தெரிந்தது. சரியான சிகிச்சை பெற்றவர்களில் இரண்டாண்டு முடிவில் 70 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். குறைபாடான சிகிச்சை பெற்றவர்களில் 50 சதவீதம்தான். எந்தப் புது மருந்தும் கனவில்கூடக் கோராத வித்தியாசம். அதிலும் ஐந்துக்கும் குறைவான நோயாளிகளைச் சேர்த்த மருத்துவமனைகளில்தான் பிழை மிக அதிகம். ஆய்வு சீக்கிரம் முடிய வேண்டுமானால் நிறைய மருத்துவமனைகளைச் சேர்க்க வேண்டும்; நிறையச் சேர்த்தால் அனுபவம் குறைந்த கைகளும் உள்ளே வரும். இந்த முடிச்சை அவிழ்க்க இன்றைக்கு ஒவ்வொரு திட்டத்தையும் சிகிச்சைக்கு முன்பே மையக் குழு ஒன்று பார்த்துத் திருத்துகிறது. செலவு ஏறுகிறது, வேகம் குறைகிறது.

இத்தனையும் தாண்டி நல்ல ஆய்வுகள் முடிந்திருக்கின்றன. முடிந்தால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியவில்லை. தொண்டைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 440 பேரைக் கொண்டு நடந்த ஆய்வை 2024இல் அறிவித்தார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் சமம். ஆனால் வயிற்றில் குழாய் போட்டு உணவு செலுத்த வேண்டிய நிலை எக்ஸ் கதிரில் 42 சதவீதம் பேருக்கு, புரோட்டானில் 28 சதவீதம் பேருக்கு. பின்னர் வந்த விரிவான கட்டுரை, இறப்பும் புரோட்டான் பக்கம் குறைவு என்றது. பிரிட்டனில் அதே நோய்க்கு 205 பேருடன் டார்பிடோ என்ற ஆய்வு நடந்தது. நாட்டின் பல ஊர்களிலிருந்து நோயாளிகள் மான்செஸ்டருக்கோ லண்டனுக்கோ வந்து புரோட்டான் பெற்றார்கள். 2025இல் சொன்ன முடிவில் ஓராண்டு கழித்து வாழ்க்கைத் தரத்திலோ வயிற்றுக் குழாய்த் தேவையிலோ சொல்லும்படியான வேறுபாடு இல்லை. யார் சரி? என் ஊகம், இரண்டும் சரியாக இருக்கலாம். வயிற்றில் குழாய் போடுவது முழுக்க நோயாளியின் தொண்டை எடுக்கும் முடிவல்ல; மருத்துவமனையின் பழக்கமும் அதில் உண்டு. சிலர் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள், சிலர் கடைசிவரை தள்ளிப்போடுவார்கள். பிரிட்டனில் எக்ஸ் கதிர்த் திட்டம் போட்ட கைகள் எவ்வளவு தேர்ந்தவை என்பதும் முடிவுக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு கருவிகளுக்கு நடுவே போட்டி என்று நாம் பார்க்கும் இடத்தில் இரண்டு மருத்துவப் பண்பாடுகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டச்சுக்காரர்கள் குலுக்கலையே சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு திட்டமும் கணினியில் போட்டுப் பார்ப்பது. பழைய நோயாளிகளின் தரவைக் கொண்டு உண்டாக்கிய சூத்திரத்தில் செலுத்தி, எந்தத் திட்டத்தில் பக்கவிளைவு எவ்வளவு வரும் என்று கணிப்பது. வித்தியாசம் முன்பே ஒப்புக்கொண்ட எல்லையைத் தாண்டினால் புரோட்டான், இல்லாவிட்டால் எக்ஸ் கதிர். குரோனிங்கன், டெல்ஃப்ட், மாஸ்ட்ரிக்ட் நிலையங்கள் இப்படித்தான் ஆளைத் தேர்கின்றன. நிதானமான, கணக்கான முறை, காப்பீட்டையும் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் முதலில் சொன்ன வண்ணப்படத்தை எண்ணாக மாற்றி நம்பச் சொல்கிறது என்ற உறுத்தல் எனக்குப் போகவில்லை. நுரையீரல் ஆய்வான 0617க்கு முன்னால், கட்டி எவ்வளவு அடங்கும் என்று கணிக்க இப்படி ஒரு சூத்திரம் போட்டிருந்தால் அது 74 கிரேயைத்தான் கைகாட்டியிருக்கும்.

காலம் என்ற தொல்லையைத் தவிர்க்கவே முடியாது. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் வாங்கிய சுவீடன், டென்மார்க் பெண்கள் 2,168 பேரின் பதிவேடுகளைப் பார்த்து 2013இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். இதயத்தில் விழும் ஒவ்வொரு கிரேவுக்கும் மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் 7.4 சதவீதம் கூடுகின்றன. அந்த ஆபத்து இருபது ஆண்டு தாண்டியும் தொடர்கிறது. புரோட்டான் இதயத்தைக் காக்கும் என்றால் அது மார்பகத்தில்தான் தெரிய வேண்டும். அதற்கென அமெரிக்காவில் 2016இல் தொடங்கியது ராட்காம்ப் ஆய்வு. 1,239 பேர் சேர்ந்தார்கள். 2025இல் முதல் செய்தி வந்தது. வாழ்க்கைத் தரத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் புரோட்டான் கிடைத்த பெண்கள், பிறருக்கும் இதைச் சிபாரிசு செய்வோம் என்று கூடுதலாகச் சொன்னார்கள். உடம்பு சொன்னதும் மனம் சொன்னதும் வேறு வேறு. இதயத்தைப் பற்றிய விடைக்குப் பத்தாண்டுக் காத்திருப்பு வேண்டும். அதற்குள், மூச்சை ஆழ இழுத்துப் பிடித்துக்கொண்டு எக்ஸ் கதிர் வாங்கும் முறை எங்கும் பரவிவிட்டது. நுரையீரல் விரிந்து இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து தள்ளிவிடுகிறது. சைக்ளோட்ரானுக்குப் போட்டியாகப் பெண்ணின் மூச்சு.

இந்தியாவுக்கு வருவோம். தெற்காசியாவின் முதல் புரோட்டான் நிலையத்தை 2019இல் சென்னை தரமணியில் அப்பல்லோ திறந்தது. நவி மும்பையின் கார்கரில் டாட்டா நினைவு மையத்தின் நிலையம் 2023இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 லட்சம் புதிய புற்றுநோயாளிகள். இவர்களில் பலருக்குச் சாதாரண எக்ஸ் கதிரே நேரத்துக்குக் கிடைப்பதில்லை. தனியார் நிலையத்தில் குலுக்கல் ஆய்வு நடப்பது எப்படி என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ பல லட்சம் கொண்டுவந்தவரிடம் சீட்டெடுக்கச் சொல்ல முடியாது. சீட்டில் எக்ஸ் கதிர் விழுந்தால் மீதிப் பணத்தைத் திருப்பித் தருவதா? புரோட்டான் விழுந்தால் வித்தியாசத்தை யார் கட்டுவது? அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனி போட்ட பூட்டை இங்கே குடும்பத்தின் கைப்பணம் போடுகிறது.

டாட்டா நினைவு மையம் வேறு மரபு. அணுசக்தித் துறையின் பணத்தில் நடப்பது, ஆய்வு நடத்திப் பழகியது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் 300 பேரை 2011 முதல் 2019 வரை சேர்த்து பார்சர் என்ற ஆய்வை நடத்தினார்கள். ஒப்பிட்டது புரோட்டானை அல்ல. எக்ஸ் கதிரிலேயே பழைய முறைக்கும், ஒவ்வொரு நாளும் படமெடுத்துக் குறிபார்த்துக் கற்றையின் அடர்த்தியை மாற்றி மாற்றிச் செலுத்தும் முறைக்கும் நடுவே. மூன்றாண்டு கழித்துத் தொடரும் குடல் கோளாறு பழைய முறையில் 42.4 சதவீதம் பேருக்கு இருந்தது. புதிய முறையில் 21.1 சதவீதம். நம் நாட்டுப் பெண்களின் நோய், நம்மால் வாங்க முடிகிற கருவி, சரிபாதி வித்தியாசம். புரோட்டான் ஆய்வுகளுக்குக் கிடைக்கிற வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கு இதற்கு வந்திருக்குமா? இதே ரகத்தில் பிரிட்டன் அரசுப் பணத்தில் 4,096 பேரோடு நடந்த ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு, மார்பகச் சிகிச்சையை ஐந்தே நாளில் முடிக்கலாம் என்று 2020இல் காட்டியது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்து வாரக்கணக்கில் தங்க இடம் தேடும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய செய்தி எது? குறைவாகக் கொடுத்தால் போதுமா என்று கேட்கும் ஆய்வுக்குக் கருவி விற்பவர் பணம் போடமாட்டார். அரசுதான் போட வேண்டும்.

புரோட்டானை ஒதுக்கச் சொல்லவில்லை. கட்டியாகிவிட்டது, இனி அதை மூடி வைப்பது மடத்தனம். குழந்தைகளுக்கு அது போகட்டும், கேள்வியில்லாமல். பெரியவர்களுக்கு, குறிப்பாக இங்கே மலிந்திருக்கும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு, அமெரிக்க முடிவும் பிரிட்டன் முடிவும் இரண்டு பக்கம் இழுக்கிற இந்த நேரம்தான் குலுக்கிப் பார்க்கத் தகுந்த நேரம். இன்னும் சில ஆண்டு போனால் இந்திய மருத்துவர்களின் மனமும் கெட்டிப்பட்டுவிடும். நகரத்துக்கு நகரம் தனியார் நிலையம் எழுந்து, தவணை பேசத் தொடங்கிவிடும். இரண்டு கருவியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் பொது மருத்துவமனையில், எந்தப் பக்கம் சீட்டு விழுந்தாலும் நோயாளிக்கு ஒரே கட்டணம் என்று அரசு அறிவிக்கலாம். வித்தியாசத் தொகை எவ்வளவு என்று கணக்கிடுவதும் கடினமல்ல. அடுத்த புரோட்டான் கட்டடத்தின் ஒரு சுவருக்கு ஆகும் கான்கிரீட் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.